ஒரு சாண் பாறையில் ஒரு நிறமி

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மைஷான் என்றோர் ஊர். பெயருக்கு ‘நிலக்கரி மலை’ என்று பொருள். ஆனால் புவியியல் படித்தவர்கள் அங்கே தேடிப் போவது பழைய சுண்ணாம்புக்கல் குவாரிகளைத்தான். குவாரிச் சுவரில் அடுக்குகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 25-ஆம் அடுக்கு, எரிமலைச் சாம்பல் படிந்து உண்டான வெளிர்க் களிமண். 26 கறுப்புக் களிமண். 27 சுண்ணாம்புக்கல். மூன்றையும் சேர்த்துக் கையால் அளந்தால் ஒரு சாணுக்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். அந்தச் சாணுக்குக் கீழே பெர்மியன் காலக் கடலின் உயிர்கள் வகைவகையாகக் கிடக்கின்றன. அதைத் தாண்டி மேலே போனால், ஒரே மாதிரியான சில சிப்பிகளைத் தவிர அதிகம் இல்லை. 2001-ல் பெர்மியன் காலத்துக்கும் டிரயாசிக் காலத்துக்கும் நடுவிலான உலகப் பொது எல்லையாக இந்த 27-ஆம் அடுக்கைத்தான் குறித்தார்கள்.

பூமியில் நடந்த பேரழிவுகளில் இதுதான் பெரியது. கடல் இனங்களில் எத்தனை பங்கு போயிற்று என்பதற்கு, எண்ணுகிற முறையைப் பொறுத்து 80 முதல் 95 விழுக்காடு வரை கணக்கு வருகிறது. சீனப் புதைபடிவ ஆய்வாளர் ஜின் யூகானின் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் மைஷானில் மட்டும் 333 இனங்களின் புதைபடிவங்களை அடுக்கு வாரியாகப் பட்டியல் போட்டார்கள். 25-ஆம் அடுக்கின் அடியில் அந்தப் பட்டியல் கயிறு அறுந்ததுபோல் நின்றது. சாம்பல் அடுக்குகளில் கிடைக்கும் சிர்கான் படிகங்களை வைத்து 2014-ல் வெளியான காலக்கணக்குப்படி, அழிவு நடந்தது 25 கோடியே 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன். தொடங்கி முடிய ஆனது சுமார் 60,000 ஆண்டுகள். 48,000 ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம்.

இந்தப் பெரிய கதையிலிருந்து ஒரு கிளையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அப்போது கடலில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது என்கிறார்கள். எந்த ஆழம் வரை தீர்ந்தது என்றும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரே ஒரு மூலக்கூறு. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். இரண்டாவது பாதியைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கல் சொன்னது, கல் சொல்லாதது

மூலக்கூறுகள் வருவதற்கு முன்பே சந்தேகம் இருந்தது. கடலடிச் சேற்றில் புழுவும் சிப்பியும் வாழ்ந்தால் அவை குடைந்து குடைந்து சேற்றைக் கலக்கிவிடும். எதுவும் வாழாவிட்டால் சேறு தாள் அடுக்கியதுபோல் கலையாமல் படியும், கறுத்தும் கிடக்கும். பால் விக்னல், ஆன்டனி ஹாலம், ரிச்சர்ட் ட்விட்செட் ஆகியோர் 1990-களில் ஐரோப்பா முதல் ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கன் வரை எல்லைக்காலப் பாறைகளில் இந்தக் கலையாத அடுக்குகளைக் காட்டினார்கள். ஜப்பானில் யுகியோ இசோசாகி 1997-ல் இன்னொன்றைக் காட்டினார். ஒரு காலத்தில் ஆழ்கடல் தரையாக இருந்து பிறகு மேலே தள்ளப்பட்ட சிலிக்காப் பாறைகள் அங்கே உண்டு. இரும்பு துருப்பிடித்த சிவப்பில் இருந்த அவை, எல்லையை நெருங்க நெருங்கச் சாம்பலாகி, எல்லையில் கறுப்பாகின்றன. துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் அல்லவா?

சரி, ஆனால் இவை எல்லாம் கடலடியைப் பற்றிய செய்தி. தரையில் ஆக்சிஜன் இல்லை என்பதால் மேல்தண்ணீரிலும் இல்லை என்று ஆகிவிடாது. மீனும் மிதவை உயிரும் மேலே சுகமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் வேறு, நச்சேறிய தண்ணீர் வேறு. இன்றைய அரபிக் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 150 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 1,000 மீட்டரைத் தாண்டியும் ஆக்சிஜன் அநேகமாக இல்லாத ஒரு பெரிய அடுக்கு அங்கே உண்டு. ஆனாலும் நடுக்கடலில் அந்தத் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்வதில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் அடுத்தபடியாக நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. அதுவும் தீர்ந்த பிறகுதான் சல்ஃபேட்டின் முறை வரும், அப்போதுதான் அந்த அழுகல் முட்டை நாற்றம் வரும். நம் செய்தித்தாள்களில் ‘விஷவாயு தாக்கி’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் பெரும்பாலும் காரணமாக இருப்பது இதே வாயு. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இயந்திரத்தையே அது அடைத்துவிடுகிறது.

ஆக, கேள்வி கூர்மையாகிறது. பெர்மியன் முடிவில் இந்த வாயு வெளிச்சம் படும் மேல்தண்ணீர் வரை ஏறியதா? இதற்குப் பதில் சொல்லக் கறுப்புப் பாறை போதாது.

வெளிச்சமும் வேண்டும், விஷமும் வேண்டும்

பச்சைக் கந்தக பாக்டீரியா என்றொரு குடும்பம் இருக்கிறது. செடிகளைப்போல் இவையும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஆனால் செடி தண்ணீரை உடைக்கும் இடத்தில் இவை ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்கின்றன, அதனால் ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை. ஆக்சிஜன் பட்டால் இவற்றுக்கு ஆகாது. அதாவது இவை வாழ மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில் கூட வேண்டும்: கொஞ்சம் வெளிச்சம், தண்ணீரில் கரைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆக்சிஜன் இன்மை. சாதாரணக் கடலில் இந்த மூன்றும் சேராது. வெளிச்சம் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இருக்கும்.

சேருகிற இடங்களில் பேர்போனது கருங்கடல். அதன் தண்ணீரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டில் ஆக்சிஜன் கிடையாது. மேலே நன்னீர் கலந்த லேசான தண்ணீர் மூடிபோட்டதுபோல் நிற்பதால், கீழ்த்தண்ணீருக்குக் காற்று எட்டுவதில்லை. 1988-ல் அங்கே போன ஆய்வுக் கப்பல் அள்ளிவந்த தண்ணீரில், சுமார் 80 மீட்டர் ஆழத்தில், பச்சைக் கந்தக பாக்டீரியாக் குடும்பத்தின் பழுப்பு நிற வகை ஒன்று இருப்பது தெரியவந்தது. மேற்பரப்பு வெளிச்சத்தில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் அங்கே எட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு அவை பிழைக்கின்றன. அந்தக் கஞ்ச வெளிச்சத்தைச் சேகரிக்க அவற்றுக்கு ஒரு நிறமி உதவுகிறது. பெயர் ஐசோரெனியராட்டீன்.

பெயர்க் காரணம் வேடிக்கையானது. முதலில் இது கிடைத்தது பாக்டீரியாவில் இல்லை. 1950-களின் கடைசியில் ஜப்பானிய வேதியியலாளர் யமாகுச்சி, ‘ரெனியரா ஜபோனிகா’ என்ற ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சைக் கரைத்து அதிலிருந்து பிரித்தெடுத்தார். கடற்பஞ்சின் பெயரே நிறமிக்கும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு பாலாடைக்கட்டியிலும் மாட்டியது. லிம்பர்கர் போன்ற நாற்றம் பிடித்த பாலாடைக்கட்டிகளின் தோலில் ஆரஞ்சு நிறம் ஏற்றும் பிரெவிபாக்டீரியம் லினென்ஸ் என்ற நுண்ணுயிரியும் இதைத் தயாரிக்கிறது. இந்தப் பாலாடைக்கட்டி விவகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறமி பாறையில் நிறமாகத் தங்குவதில்லை. தங்குவது அதன் எலும்புக்கூடு. ஐசோரெனியராட்டீனில் 40 கார்பன், 48 ஹைட்ரஜன். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு பென்சீன் வளையம், நடுவில் நீண்ட சங்கிலி, சங்கிலியில் 9 இரட்டைப் பிணைப்புகள். நிறம் கொடுப்பவை அந்த இரட்டைப் பிணைப்புகள்தான். எளிதில் கெட்டுப்போவதும் அவற்றால்தான். சேற்றுக்குள் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் இரண்டு ஹைட்ரஜன் ஏறிவிட்டால் மொத்தம் 18 ஏறும். 48 என்பது 66 ஆகும், நிறம் போகும், மூலக்கூறு உறுதிப்படும். மூலக்கூறு எடை 528-இலிருந்து 546-க்கு வரும். இப்போது அதன் பெயர் ஐசோரெனியராட்டேன். ஒரு எழுத்துதான் மாறுகிறது. முதலாவது உயிருள்ள நிறமி, இரண்டாவது அதன் புதைபடிவம்.

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? பல காலம் புரியாமல் இருந்தது இது. 2006-ல் வந்த ஓர் ஆய்வு, சேற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடே அந்த வேலையைச் செய்யக்கூடும் என்று சோதனைக்கூடத்தில் காட்டியது. அதாவது உயிரோடு இருந்தபோது பாக்டீரியாவுக்குச் சோறு போட்ட அதே வாயு, செத்த பிறகு அதன் நிறமியை ஊறுகாய் போட்டும் வைக்கிறது. இது அழகான செய்தி மட்டுமில்லை, ஓர் எச்சரிக்கையும்கூட. நச்சேறிய இடத்தில் மூலக்கூறு நன்றாகப் பாதுகாக்கப்படும், மற்ற இடங்களில் அழிந்துவிடும். எனவே ஒரு பாறையில் ஐசோரெனியராட்டேன் கிடைக்காவிட்டால் அங்கே நச்சே இருந்ததில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பூமிக்கடியில் அதிகமாகச் சூடேறிய பாறைகளிலும் இது மிஞ்சாது. எல்லைக்காலப் பாறைகள் உலகெங்கும் கிடைத்தாலும் இந்தச் சோதனைக்கு உதவுபவை குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த பாறை

பாறையில் உயிர் மூலக்கூறு தேடும் வழக்கம் எண்ணெயோடு பிறந்தது. 1930-களில் மியூனிக்கில் ஆல்ஃபிரெட் டிரைப்ஸ், கச்சா எண்ணெயில் போர்ஃபிரின் என்ற சேர்மங்கள் இருப்பதையும், அவை செடிகளின் பச்சையத்திலிருந்து வந்தவை என்பதையும் காட்டினார். எண்ணெய் உயிரிலிருந்து வந்தது என்பதற்கு அது பலமான சான்றாயிற்று. கந்தக பாக்டீரியாவின் தடயமும் எண்ணெயில்தான் முதலில் சிக்கியது. 1986-ல் ரோஜர் சம்மன்ஸும் பவலும் மிச்சிகன், ஆல்பர்ட்டா படுகைகளின் பழைய எண்ணெய்களில் இந்த நிறமி உடைந்த துண்டுகளைக் கண்டு, பழங்காலக் கடலில் பச்சைக் கந்தக பாக்டீரியா வாழ்ந்திருக்கிறது என்று எழுதினார்கள்.

நம் வழக்கில் திருப்பம் வந்ததும் எண்ணெய்க் கிணறு ஒன்றிலிருந்துதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் படுகை. அங்கே ஹோவியா-3 என்ற கிணற்றைத் தோண்டியபோது பாறையை உருளை உருளையாக வெட்டி மேலே எடுத்திருந்தார்கள். அந்த உருளையில் பெர்மியன்–டிரயாசிக் எல்லை முழுசாக இருந்தது, அதிலும் கரிமம் நிறைந்த கறுப்புப் பகுதியாக. அதிகம் சூடேறாத பாறை. அந்தப் பகுதியின் எண்ணெய்க்கு மூலமே இந்தப் பாறைத்தொடர்தான். யோசித்துப் பார்த்தால், செத்துப்போன அந்தக் கடல்தான் எண்ணெயாகி, அந்த எண்ணெயைத் தேடிப் போனவர்கள் கையில் அந்தக் கடலின் மரணச் செய்தியையும் கொடுத்தது.

பெர்த்தில் உள்ள கர்டின் பல்கலைக்கழகத்தின் கிளிட்டி கிரைஸ் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. ஜின் யூகானும் சம்மன்ஸும் சாவோ சாங்சுனும் அதில் இருந்தார்கள். இன்னொரு பக்கம் மைஷானிலும் குவாரிச் சுவரை நம்பாமல் ஆழ்துளை போட்டு எடுத்த பாறையைப் பயன்படுத்தினார்கள். வெயிலும் மழையும் பட்ட சுவரில் மூலக்கூறுகள் கெட்டிருக்கும் என்பதுதான் காரணம்.

வேலை முறை எளிமையாகச் சொன்னால் இதுதான். பாறையின் வெளிப்பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு உட்பகுதியை மாவாக அரைப்பார்கள். கரிமக் கரைப்பானில் ஊறவைத்து, கரையக்கூடியதை எல்லாம் வடித்தெடுப்பார்கள். சிலிக்கா தூள் நிரப்பிய குழாய் வழியே விட்டு வகை பிரிப்பார்கள். பென்சீன் வளையம் உள்ள வகையை ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பிரிகை–நிறை நிறமாலை) என்ற கருவிக்குள் செலுத்துவார்கள். கருவியின் முதல் பாதி மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தும், இரண்டாம் பாதி ஒவ்வொன்றையும் உடைத்து எடை போடும். ஐசோரெனியராட்டேன் வரிசையின் கடைசிப் பக்கத்தில்தான் வரும். 546 எடையுள்ள ஒன்று வந்து, அது உடையும்போது 134 எடையுள்ள துண்டு விழ வேண்டும். முனையிலிருக்கும் வளையம் கழன்று விழுகிற அடையாளம் அது. இரண்டும் பொருந்தி, தெரிந்த மாதிரியோடு நேரமும் பொருந்தினால்தான் ஆம் என்பார்கள்.

2005-ல் முடிவு வெளிவந்தது. ஹோவியாவிலும் இருந்தது, மைஷானிலும் இருந்தது. பெர்மியன் காலத்தில் இந்த இரண்டு இடங்களும் டெதிஸ் என்ற பழங்கடலின் வெவ்வேறு பகுதிகளில், ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்தவை. அங்கங்கே தேங்கிய குட்டை என்று தள்ளிவிட முடியாத தூரம். இரண்டு வருடம் கழித்து, கனடாவின் பீஸ் ரிவர் படுகையிலிருந்தும் அதே செய்தி வந்தது. அது டெதிஸ் கடலே இல்லை, உலகின் மறுபக்கத்தை மூடியிருந்த பாந்தலாசா பெருங்கடலின் கரை.

குறுக்குக் கேள்விகள்

இங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏனென்றால் இந்தத் துறை ஒரு முறை பலமாகச் சூடு கண்டிருக்கிறது.

1999-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், 270 கோடி ஆண்டுப் பாறைகளில், செல்லுக்குள் கரு உள்ள உயிர்களின் மூலக்கூறுகள் கிடைத்ததாக ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. பாடப்புத்தகங்கள் வரை போனது. பிறகு 2008-ல் அந்த ஆய்வில் இருந்தவர்களே சிலர் சேர்ந்து, அவை பிற்காலத்தில் பாறைக்குள் புகுந்தவை என்று எழுதினார்கள். 2012-ல் அதே பகுதியில், எண்ணெய்ப்பசை ஒட்டாதபடி கருவிகளைச் சுத்தம் செய்து புதிதாகத் துளையிட்டார்கள். 2015-ல் முடிவு வந்தது: சுத்தமான பாறையில் அப்படி எதுவும் இல்லை. துளையிடும் எந்திரத்தின் மசகெண்ணெய், டீசல், பிளாஸ்டிக் பை, கைரேகை, எதில் வேண்டுமானாலும் ஹைட்ரோகார்பன் இருக்கும். தங்கள் முடிவைத் தாங்களே திரும்பிப் பார்த்து மறுத்தவர்கள்மேல் எனக்கு மரியாதைதான் கூடியது, ஆனால் அதற்குப் பிறகு இந்தத் துறையில் எதையும் ஒரு தடவை சொன்னவுடன் நம்பும் பழக்கம் போய்விட்டது.

ஐசோரெனியராட்டேனுக்கு இந்தக் கவலை குறைவு. டீசலிலும் மசகெண்ணெயிலும் சாதாரணமாகக் கலந்திருக்கும் வகையைச் சேர்ந்ததில்லை அது. தவிர அது ஒரு குறிப்பிட்ட அடுக்கில் கூடி, அடுத்த அடுக்கில் குறைந்து, பாறையின் தன்மையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வெளியிலிருந்து பரவிய கறை அப்படி நடந்துகொள்ளாது.

அடுத்த கேள்வி, மூலக்கூறைச் செய்தது யார்? 1986-ல் கிடைத்தவை முழு நிறமி இல்லை, உடைந்த துண்டுகள். கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினும் சேற்றில் வேதிமாற்றம் அடைந்து அதே அமைப்புள்ள துண்டுகளைக் கொடுக்கலாம் என்று 1996-ல் காட்டினார்கள். பீட்டா கரோட்டின் எல்லாப் பாசியிலும் உண்டு, அதற்கு நச்சுத் தண்ணீர் தேவையில்லை. எனவே துண்டுகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, 40 கார்பனும் உள்ள முழு மூலக்கூறு வேண்டும். ஹோவியாவிலும் மைஷானிலும் முழு மூலக்கூறே கிடைத்தது என்பதுதான் 2005 ஆய்வின் பலம்.

இன்னொரு சோதனை கார்பனின் எடை. பச்சைக் கந்தக பாக்டீரியா கார்பன் டை ஆக்சைடை உணவாக மாற்றும் வழி பாசிகளின் வழியிலிருந்து மாறுபட்டது. அதனால் அதன் உடலில் கனமான கார்பன்-13 கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், ஆயிரத்துக்குப் பத்து என்ற அளவில். துண்டாக இருந்தாலும் அதன் கார்பன் கனமாக இருந்தால் சந்தேகம் தீரும். சம்மன்ஸும் பவலும் தங்கள் எண்ணெய்களில் இதையும் பார்த்தே பேசினார்கள்.

இப்போது அந்தப் பாலாடைக்கட்டிக்கு வருவோம். லிம்பர்கர் தோலில் வாழும் பாக்டீரியா இந்த நிறமியைச் செய்யும் என்றால், கடலிலும் வேறு யாராவது செய்திருக்க முடியாதா? கோட்பாட்டளவில் முடியும். ஆனால் அந்த வகை பாக்டீரியாக்கள் கடல்தண்ணீரில் பெருங்கூட்டமாக வளர்ந்து சேற்றை நிரப்புபவை இல்லை. உண்மையான போட்டி வேறு இடத்திலிருந்து வந்தது: சயனோபாக்டீரியா. இவை ஆக்சிஜனை வெளிவிடுபவை, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். இவற்றில் சில தயாரிக்கும் சினெகோசாந்தின் என்ற நிறமியும் புதைந்து சூடேறினால் இதே குடும்பத்து மூலக்கூறுகளைக் கொடுக்கும். 2020-ல் சூய் சிங்சியான், சம்மன்ஸ் முதலியோர் வளர்ப்பு பாக்டீரியாக்களையும் பல காலத்துப் பாறைகளையும் ஒப்பிட்டார்கள். சயனோபாக்டீரியாவிலிருந்து வரும் கலவையில் ஐசோரெனியராட்டேனின் பங்கு சிறிது, அதன் உறவினர்களான வேறு இரண்டு மூலக்கூறுகள்தான் அதிகம். மிகப் பழைய பாறைகளிலும் ஏரிப்படிவுகளிலும் காணப்படுவது இந்த வடிவம். கடந்த சுமார் 54 கோடி ஆண்டுகளின் கடல் பாறைகளிலோ ஐசோரெனியராட்டேன்தான் மேலோங்கி நிற்கிறது. மிகப் பழைய பாறைகளைப் பற்றி அதுவரை சொன்ன பல கதைகளை இது ஆட்டிவிட்டது. பெர்மியன் கதைக்கோ வலுதான் சேர்த்தது.

ஒரு கொசுறு. 2005-லேயே பசிபிக்கின் ஆழ்கடல் வெந்நீர் ஊற்று ஒன்றில், 2,000 மீட்டருக்கும் கீழே, ஒரு பச்சைக் கந்தக பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. சூரியனே எட்டாத இடம். ஊற்று வெக்கையில் எழும் மங்கலான ஒளியிலேயே அது ஒளிச்சேர்க்கை செய்கிறது. அப்படியானால் ‘வெளிச்சம் படும் மேல்தண்ணீர்’ என்ற வாதமே உடைந்ததா? இல்லை. ஊற்றைச் சுற்றிச் சில செல்கள் பிழைப்பது வேறு, ஒரு படுகை முழுவதும் பாறையில் அளக்கும் அளவுக்கு நிறமி கொட்டுவது வேறு. ஆனாலும் ‘எப்போதும்’ என்ற சொல்லை உயிரியலில் யாராவது பயன்படுத்தினால் எனக்கு இந்த பாக்டீரியாதான் ஞாபகம் வரும்.

மூலக்கூறைத் தவிர வேறொரு தனிச் சாட்சியும் உண்டு: இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம். நச்சுத் தண்ணீரிலேயே மிதந்தபடி உருவாகும் பைரைட், ராஸ்பெர்ரிப் பழம்போன்ற சிறு உருண்டைகளாக, 5 மைக்ரானை ஒட்டிய அளவிலேயே கீழே விழுந்துவிடும். சேற்றுக்குள் உருவானால் பெரிதாக வளர நேரம் கிடைக்கும். எல்லைக்காலப் பாறைகள் பலவற்றில் சின்ன உருண்டைகள் கிடைக்கின்றன. வேதியியலும் கனிமவியலும் தனித்தனி வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது ஆறுதல் தரும் விஷயம்.

அப்படியானால் கொன்றது இதுதானா?

இங்கேதான் நான் கொஞ்சம் விலகி நிற்கிறேன்.

2005-லேயே லீ கம்ப், பாவ்லோவ், ஆர்தர் மூவரும் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். ஆழ்கடலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு எல்லையைத் தாண்டினால், ஆக்சிஜனும் நச்சும் சந்திக்கும் கோடு திடீரென்று மேலேறி வாயு காற்றிலேயே கலந்துவிடும், இன்று எரிமலைகள் விடுவதைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் வெளியேறலாம், நிலத்து உயிர்களும் சாகும், ஓசோன் படலமும் கெடும் என்றார்கள். ஐசோரெனியராட்டேன் செய்தியும் இதுவும் ஒரே ஆண்டில் வந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கடல் பச்சையும் ஊதாவுமாகக் கொதித்து விஷத்தைக் கக்குவதுபோல் படங்கள் வரையப்பட்டன. ஆனால் 2008-ல் ஹார்ஃபூட், பைல், பீயர்லிங் மூவரும் வளிமண்டல வேதியியலைச் சேர்த்துக் கணக்கிட்டபோது ஓசோனுக்குப் பெரிய சேதம் வரவில்லை. இந்தத் திருத்தம் அந்தப் படங்கள் அளவுக்குப் பரவவில்லை.

அதைவிட முக்கியமானது மைஷானிலேயே கிடைத்தது. 2009-ல் சாவோ சாங்சுன் குழு ஆழ்துளைப் பாறையில் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தது. ஐசோரெனியராட்டேன் அழிவு அடுக்கில் தொடங்கவில்லை. அதற்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் முன்பே நச்சேறிய தண்ணீர் வந்து போயிருக்கிறது. அந்த 15 லட்சம் ஆண்டுகளிலும் மைஷான் கடலில் உயிர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தன. ஜின் யூகான் பட்டியலில் இருந்தவை அவைதான்.

இது முரணா? பாறையின் அளவைப் பார்த்தால் புரியும். 60,000 ஆண்டுகள் ஒரு சாண் பாறையில் அடங்கியிருக்கின்றன. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் என்பது 2,000 ஆண்டுகளுக்கு மேல். அந்த ஒரு சென்டிமீட்டரை அரைத்துக் கரைப்பானில் போட்டால் 2,000 ஆண்டுகளின் நல்ல காலமும் கெட்ட காலமும் ஒரே மாவில் கலந்துவிடும். பத்து வருடத்துக்கு ஒரு முறை கோடையில் மட்டும் நச்சு ஏறியிருந்தாலும் கருவி ‘இருக்கிறது’ என்றுதான் சொல்லும். நிரந்தரமாக ஏறியிருந்தாலும் அதையேதான் சொல்லும். எத்தனை நாள், எந்தப் பருவம், எத்தனை மீட்டர் வரை என்று அந்த மாவிடம் கேட்க முடியாது.

கொன்றது எது என்று கேட்டால், என் மனம் சாய்வது வெக்கை பக்கம். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலப்பரப்பையே மூடிய காலம் அது. வெளியேறிய கார்பன் டை ஆக்சைடால் சூடேறியது. கோனோடோன்ட் என்பவை விலாங்குபோன்ற சிறு கடலுயிர்கள்; தென்சீனப் பாறைகளிலிருந்து எடுத்த அவற்றின் பற்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடை மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள்) சுமார் 8 டிகிரி ஏற்றத்தைக் காட்டுகின்றன. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதே சூட்டில் உயிர்களுக்கு மூச்சுத் தேவை கூடும். 2018-ல் ஜஸ்டின் பென், கர்டிஸ் டாய்ச் முதலியோர் இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தபோது கடல் தன் ஆக்சிஜனில் சுமார் நான்கில் மூன்று பங்கை இழந்தது. வெப்பமண்டலத்தைவிடத் துருவப் பக்கத்து இனங்களே அதிக விகிதத்தில் அழிந்திருக்க வேண்டும் என்று மாதிரி சொன்னது. புதைபடிவப் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒன்றே கொன்றது என்றால் இந்த வடிவம் ஏன் வர வேண்டும் என்பதற்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

அதற்காக ஐசோரெனியராட்டேனின் மதிப்பு குறையவில்லை. வெளிச்சம் எட்டும் ஆழம்வரை, டெதிஸின் இரு பக்கங்களிலும் பாந்தலாசாவின் கரையிலும், ஏதோ ஒரு கால அளவுக்கு, கடல் நச்சேறிக் கிடந்தது என்பதை அதுபோல வேறெதுவும் நேரடியாகச் சொல்லவில்லை. அந்தக் கால அளவு என்ன என்று கேட்க வேண்டுமானால், ஆண்டுக்கு ஒரு கோடு என்று தாள்தாளாகப் படிந்த, அதிகம் சூடேறாத, எல்லையை முழுசாகக் கொண்ட பாறை வேண்டும். மைஷான் அப்படிப்பட்டது இல்லை. அங்கே அந்த ஒரு சாண்தான் இருக்கிறது.